ஏழு தடவை இருமினாய்

மகனே,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்று மாலைதான் போனில் பேசினோம். நீ நன்றாக இருக்கிறாய், இட்லி சாப்பிட்டாய், ஏசி பார்க்க வருகிறேன் என்ற ஆள் இன்னும் வரவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை முவைலாவில், நீ கட்டிக்கொள்ளப்போகிற ஷெரினின் வீட்டில் நாம் இருந்த இரண்டரை மணி நேரத்தில் நீ ஏழு தடவை இருமினாய். உனக்குச் சளியும் இல்லை, தூசு அலர்ஜியும் இல்லை. அந்த இருமலைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை நீ வெள்ளிக்கிழமை பூசைக்குப் போவதற்கு முன் படித்து முடித்துவிட வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அங்கே தாவிப் போய்விடாதே.

மார்ச் மாதத்தோடு ருவைஸ் ஆஸ்பத்திரி லேபில் என் டூட்டி முடிகிறது. டூட்டி முடிந்தால் விசா முடியும், விசா முடிந்தால் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். என்னை உன் விசாவில் எடுத்து உன்கூடவே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாய். ஜனவரியில் உனக்குக் கல்யாணம். ஆக, கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதம் உன் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் ஷெரினோடு நானும் இருப்பேன். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை என்னைத் திரும்பக் கொண்டுவிடும்போது காரில் சொன்னாய்: “அம்மா, அந்த டாக்டர் சொன்னத இவங்ககிட்ட இப்ப சொல்ல வேண்டாம். கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம். அதுவரைக்கும் கொஞ்சம் நார்மலா இரு, ப்ளீஸ்.” நான் சரி என்றேன். நாலு மணி நேரப் பயணத்தின் களைப்பில் சொன்ன சரி அது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

டாக்டர் சொன்னதை நீ இரண்டு வருடமாக ‘அந்த டாக்டர் சொன்னது’ என்றே சொல்லிவருகிறாய். அதற்குப் பெயர் உண்டு. ஆட்டிசம். ஐம்பத்தேழு வயதில் எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது. அதுவரை அது சின்னப் பையன்களுக்கு வருவது, பேசாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்களே, அது, என்றுதான் லேபில் வேலை செய்யும் நானும் நினைத்திருந்தேன். தூக்கம் வரவில்லை என்று போன இடத்தில் அந்த மலையாளி டாக்டரம்மா இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். யாருடனாவது பேசப் போவதற்கு முன் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பீர்களா என்றார். எல்லோரும் பார்ப்பார்கள்தானே என்றேன். “இல்ல சேச்சி, எல்லாரும் பாக்க மாட்டாங்க” என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட பெரிய செய்திகளில் அது ஒன்று. பெண்கள் பலர் இப்படி மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் படித்து, பரீட்சை எழுதுகிற மாதிரி நாளைக் கழித்துவிட்டு, சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து கிடப்பார்கள் என்று சொன்னார். பிறகு கேட்டார்: “வீட்டுல யாராவது உங்களுக்கு சிக்னல் கொடுக்கறதுண்டா?” அப்போதுதான் உன் அப்பாவின் இருமலைச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

அந்த இருமல் உனக்குத் தெரியும், அது எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. கல்யாணமாகி நான் ருவைஸுக்கு வந்த முதல் வருடம், ஈஸ்டருக்குப் பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அந்த வீட்டம்மா புது சோஃபா வாங்கியிருந்தார். எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ரெக்சின், இந்தச் சூட்டுக்கு முதுகில் ஒட்டும், இரண்டு வருடத்தில் வெடிக்கும் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்: “ஏட்டி, அப்படிக் கேட்டா நல்லாருக்குன்னு சொல்லணும்.” நல்லா இல்லையே என்றேன். அதற்கு ஒரு வழி சொன்னார்: “சரி, இனி நான் இருமுதேன். ஒரு தடவ இருமுனா நிறுத்து. ரெண்டு தடவ இருமுனா சிரிச்சுக்கிட்டு அவங்கள ஏதாவது விசாரி.” அவ்வளவுதான் ஏற்பாடு. அன்றிலிருந்து அவர் சாகும்வரை அது நடந்தது. அது அன்பால் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு எந்த ஆளாக இருந்தாலும் முதல் ஈஸ்டரிலேயே என்னை ஊருக்கு அனுப்பியிருப்பார்.

ஆனால் அதிலும் ஒரு கோளாறு இருந்தது. இருமல் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்று கேட்டால் அப்பா, “விடு, அதான் முடிஞ்சுதே” என்பார். அதனால் அத்தனை வருடத்தில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டிருக்க மட்டும் பழகினேன். அவருக்கும் அது லேசாக இல்லை. ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து நடந்து வரும்போது சொன்னார்: “உன்கூட வெளிய போயிட்டு வந்தா டபுள் டூட்டி பாத்த மாதிரி இருக்குட்டி.” கோபமாகச் சொல்லவில்லை, ஷூவைக் கழற்றுகிற மாதிரிச் சொன்னார். அதற்கப்புறம் நான் பாதி அழைப்புகளுக்குத் தலைவலி என்று சொல்லிவிடுவேன். நம் வீட்டுக்கு யாரும் அதிகம் வருவதில்லையே ஏன் என்று சின்ன வயதில் கேட்பாயே, காரணம் இதுதான்.

எனக்கு ஒரே ஒரு சிநேகிதி இருந்தாள். ஸ்டெல்லாவை உனக்கு ஞாபகம் இருக்கும், வார்டு நர்ஸ், நம் கடற்கரைக்காரி. உண்மையைச் சொன்னால் நான் பேசும் பேச்சில் முக்கால்வாசி ஸ்டெல்லாவுடையது. ஆட்களைப் பார்த்ததும் “சாப்டாச்சா?” என்று தலையைச் சாய்த்துக் கேட்பது, போனை வைக்கும்முன் “வேற என்ன விசேஷம்?” என்பது எல்லாம் அவளைப் பார்த்துப் படித்தவை. ஆளில்லாத நேரத்தில் லேபில் ஃபிரிட்ஜ் கதவுக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது. அவளை நான் எப்படி இழந்தேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. வேறு டூட்டிக்கு மாறிவிட்டாள் என்று பொய் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் சொன்ன சில பொய்களில் அது ஒன்று.

அந்த வருடம் நான் லீவில் ஊருக்குப் போகிறேன் என்றதும் வழக்கம்போல ஸ்டெல்லா ஒரு பார்சலோடு வந்தாள். “ரெண்டே ரெண்டு கிலோதான், அம்மைகிட்ட கொடுத்துரு” என்றாள். சரி என்றேன். அப்பா ஷிஃப்டில் இருந்தார். தொங்கு தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ நானூறு. இங்கே யாருடைய இரண்டு கிலோவும் இரண்டு கிலோவாக இருக்காது, வாங்கிக்கொள்கிறவர் தன் சாமானில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார், அதுதான் கல்ஃபில் நம் ஆட்களின் மரியாதை. அது எனக்குத் தெரியாது. டேப்பைப் பிரித்தேன். உள்ளே நானூறு கிராம் பால்பவுடர் டின் ஒன்று இருந்தது. கணக்கு அவ்வளவு சரியாக வந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. டின்னை எடுத்து நம் அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதை மறுபடி ஒட்டிக் கொண்டுபோனேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. லேபில் சாம்பிள் கைமாறும்போது என்னென்ன இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுப்போம். அதே பழக்கத்தில், ஸ்டெல்லாவின் அம்மா வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் கல்ஃப் சாமான் பார்க்க உட்கார்ந்திருந்தபோது, நான் நின்றுகொண்டு பட்டியலை ஒப்பித்தேன். தைலம் மூன்று, சோப்பு ஆறு, மிட்டாய் ஒரு பாக்கெட், நைட்டி இரண்டு, பழையது, துவைத்தது. பால்பவுடர் டின் ஒன்று எடை கூடியதால் எடுக்கப்பட்டது. அந்த அம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் காப்பி குடிக்கச் சொன்னார். குடித்தேன், நன்றாக இருந்தது. லீவு முடிந்து வந்து டின்னை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் ரூமுக்குப் போனேன். ஒன்றும் தொலையாமல் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற பெருமை எனக்கு. அவள் வாசலிலேயே நின்று, “எம் பொதியப் பிரிச்சிட்டியே. எங்கம்ம நாலு பேரு முன்னால பழைய துணி வாங்கினவளா ஆயிட்டா. ஒரு நாளும் ஒங்கிட்ட இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள். அவள் இரண்டு கிலோ என்று சொன்னதை நான் எடுத்துக் காட்டினேன். டின்னை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தோம், டூட்டி விஷயம் தவிர அவள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு நான் செய்தது பெரிய தப்பு. பழைய நைட்டி என்று சொன்னால் ஒரு தாய்க்கு அவமானம் என்பதை அந்த ஒரு தடவை மட்டும் அப்பா உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் புரிந்துகொண்டேன். புரிந்ததும் மன்னிப்பு எழுதிக் கொண்டுபோனேன், அவள் வாங்கவில்லை. எனக்கு நோக்கம் நல்லதாக இருந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ஆனால் நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால், இவள் நூறு கிராம்கூட விடமாட்டாள், வாயையும் மூடமாட்டாள் என்று சிரித்துக்கொண்டு அந்தப் பார்சலை வேறு ஆளிடம் கொடுத்திருப்பாள். நாங்கள் இன்றைக்கும் சிநேகிதிகளாக இருந்திருப்போம்.

இனி அப்பா இறந்தது. நீ அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை, ஆனால் நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வேலை செய்த பிளான்ட்டிலேயே மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே முடிந்துவிட்டது. உடலை ஊருக்கு அனுப்ப எத்தனை பேப்பர் வேண்டும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, தூதரகத்தின் சம்மதம், பதப்படுத்திய சான்று, கார்கோ புக்கிங். சாதாரணமாக நாலைந்து ஆண்கள் ஓடுவார்கள். நான் ஒருத்தியே இரண்டு நாளில் முடித்தேன். எங்கேயும் அழவில்லை. பின்னால் நின்ற பெண்கள், கல்லு மாதிரி நிக்கா பாரு என்று பேசியது என் காதில் விழுந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நீ கல்லூரியிலிருந்து நேராக வந்து கார்கோ வாசலில் நின்றாய். பத்தொன்பது வயது. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாய். நான் ஃபைலை நீட்டி, “பேப்பர் எல்லாம் சரியா இருக்கு” என்றேன். நீ கையைக் கீழே போட்டுவிட்டாய்.

அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நான் வருந்தவில்லை என்று நீ நினைத்திருந்தால் அது தவறு. அந்த மனிதருக்கு நான் செய்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லை, அதையாவது ஒரு பிழை இல்லாமல் செய்ய வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு அந்த இரண்டு நாளும் ஓடியது. பதினோரு மாதம் கழித்து ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தயிர் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ இரண்டு தடவை இருமினார்கள். நான் உடனே சிரித்துக்கொண்டு திரும்பி, “சாப்டாச்சா?” என்று கேட்டேன். அங்கே ஒரு பட்டான் டிரைவர் நின்றிருந்தார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது அழ ஆரம்பித்தேன். கடை ஆட்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிற அளவுக்கு அழுதேன். அடுத்த நாள் டூட்டியில் எனக்குப் பேச்சு வரவில்லை, வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. அதற்கப்புறம்தான் தூக்கமும் போய், பல வருடம் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு, கடைசியில் அந்த டாக்டரம்மாவிடம் போனேன்.

அப்பாவின் வேலையை நீ எப்போது எடுத்துக்கொண்டாய் என்று நான் கவனிக்கவில்லை. பத்து வயதில் உன் ஸ்கூல் வாசலில் உன் நண்பனின் அம்மாவோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது என் துப்பட்டாவை இழுத்தாய், அது நினைவிருக்கிறது. ஒரு பிள்ளை அம்மாவின் பேச்சுக்குக் காவல் நிற்கக் கூடாது. அது உன் மேல் நான் ஏற்றிய சுமை, நீ கேட்டு வாங்கியதில்லை. சனிக்கிழமை அதைத்தான் ஏழு தடவை செய்தாய். முதல் இருமல் ஷெரினின் அம்மாவிடம், கண்ணிமை வெளுத்திருக்கிறது, ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது. அது இப்போதும் சரியான யோசனை என்றே நினைக்கிறேன். கடைசி இருமல் ஷெரினின் அப்பா, “ரிட்டயர் ஆனா எங்க இருக்கப் போறீங்க?” என்று கேட்டபோது. அவர் மகளின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார். உண்மையான பதில் என் வாயில் இருந்தது. நீ இரண்டு முறை இருமியதும் சிரித்துக்கொண்டு, “எல்லாம் கடவுள் சித்தம், உங்களுக்கு எந்த ஊர்?” என்றேன். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

இனி வெள்ளிக்கிழமை விஷயம். நேற்று, நீ பேசுவதற்கு இரண்டு மணி நேரம் முன், ஷெரின் எனக்கு போன் பண்ணினாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? உங்க பையனுக்கு ஹெல்த் இஷ்யூ ஏதாவது இருக்கா? அன்னிக்கு வீட்டுல ஏழு தடவ இருமினாங்க.”

அவளும் எண்ணியிருக்கிறாள். எண்ணுகிறவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் என்று நான் சொல்லவரவில்லை, அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல” என்றேன்.

“அப்ப ஏன் ஆன்ட்டி? நீங்க பேசும்போதுதான் வந்துச்சு. அவங்க உங்களப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கு... ஐ டோன்ட் நோ, கொஞ்சம் பயமா இருந்துச்சு. எங்கிட்டயும் நாளைக்கு அப்படித்தான் இருமுவாங்களா?”

மகனே, அவள் கேட்ட கேள்வியை நீ இன்னொரு முறை படி. நீ மறைக்க நினைத்தது என்னை. அவள் கண்ணில் பட்டது நீ. தன் அம்மாவை நாலு பேர் முன்னால் அடக்குகிற ஒரு ஆளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? நீ காரணத்தைச் சொல்லாதவரை அவள் தனக்குத் தோன்றியதை நம்புவாள். அது நியாயமும்கூட.

“அத அவன்கிட்டயே கேளு. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு கேளு” என்றேன்.

“ஏன் ஃபிரைடே?”

“அதுக்குள்ள நான் அவனுக்கு ஒரு லெட்டர் எழுதணும்.”

“சீரியஸா ஆன்ட்டி?” என்று சிரித்தாள். சீரியஸாகத்தான் என்றேன். “ஓகே, வெயிட் பண்றேன்” என்றாள். வேற என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டோம். எனக்கு மிகவும் சுலபமாக இருந்தது.

அவளிடம் சொல்ல வேண்டியதை எழுதித் தருகிறேன், இதை அப்படியே காட்டினாலும் சரி. மிக்ஸி போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திடீரென்று போட்டால் எனக்கு அரை நாள் போய்விடும். டூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வேன், அது கோபம் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று சொல்வேன். நான் அதிகம் பேசினால் “போதும் அத்தை” என்று நேராகச் சொல்லலாம், மனம் நோகாது, ஜாடை காட்டினால்தான் நோகும். சமையலில் அவள் எப்படி வேண்டுமானாலும் செய்யட்டும், எப்படி இருக்கிறது என்று மட்டும் பதிலுக்குத் தயாராக இருந்தால் கேட்கட்டும். அவள் செய்கிற தப்பை நான் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன், ஸ்டெல்லாவின் அம்மா வீட்டில் அந்த ஒரு பாடத்தை நன்றாகப் படித்துவிட்டேன். இதெல்லாம் தெரிந்த பிறகு அத்தை நம்மோடு வேண்டாம் என்று அவள் சொன்னால், நான் ஊருக்குப் போய் நம் வீட்டில் இருப்பேன். இதில் உள்ளர்த்தம் ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு உன் பக்கத்தில் இருக்கத்தான் ஆசை. ஆனால் மறைத்துவைத்து அவள் வீட்டுக்குள் வருவதைவிட அந்த வருத்தம் எனக்குச் சமாளிக்கக்கூடியது. நீ அவளுக்கும் ஒருநாளும் ஜாடை காட்டாதே. அப்பா நல்லவர், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டியதை எல்லாம் அவர் இருமியே தீர்த்துவிட்டார்.

இன்று புதன். உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஷெரின் கோயில் வாசலில் உனக்காக நிற்பாள். அன்றைக்கு ஏன் அப்படி இருமினாய் என்று கேட்பாள். நான் அங்கே இருக்க மாட்டேன், யாரும் உனக்குச் சிக்னல் கொடுக்கவும் மாட்டார்கள். உன் தொண்டை அடைக்கும், எனக்குத் தெரியும். அப்போது இருமாதே. சொல்லு.

அம்மா